வருமான வரி போய் வேறு வரி வந்தால் பசுந்தேயிலை விவசாயிக்கு லாபமா?

கோத்தகிரி_கொழுந்து:
எங்கள் பக்கத்து சிறு தேயிலை விவசாயிகள் ஒரு மனு தயாரிக்கிறார்கள். வருமான வரியை எடுத்துவிட்டு, வங்கிக் கணக்கில் வரவாகும் ஒவ்வொரு தொகைக்கும் 2% பிடித்துக்கொள்ளட்டும் என்பது ஒரு தரப்பு. எல்லோருக்கும் ஒரே 10% போதும் என்பது இன்னொரு தரப்பு. ஜிஎஸ்டியைக் கூட்டிக்கொள்ளட்டும் என்றும் பேச்சு. ரிட்டர்ன் தொல்லை ஒழியும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்று. இரண்டு ஏக்கர் தோட்டமும் ஒரு ஹோம்ஸ்டேயும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இதில் எது உண்மையில் குறையும்? கணக்கோடு சொல்லுங்கள். கட்சி அரசியல் வேண்டாம்.

குன்னூர்_பேரேடு:
2% கேட்கச் சின்னதாக இருக்கும். அது எத்தனை முறை விழுகிறது என்று பாருங்கள்.

ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நாலரை கிலோ பசுந்தேயிலை வேண்டும். கணக்குக்காக இலை கிலோ 20 ரூபாய் என்று வைத்தால் விவசாயிக்கு 90. ஆலை ஏலத்தில் 120க்கு விற்கிறது, ஏலத்தில் எடுத்தவர் மொத்த வியாபாரிக்கு 150, அவர் கடைக்கு 180, கடைக்காரர் வீட்டுக்கு 220. ஐந்து வரவு, கூட்டினால் 760 ரூபாய். அதில் 2% என்றால் 15.20. ஏலத் தரகர் கணக்கு வழியாகப் பணம் போனால் அங்கே இன்னொரு வெட்டு.

சொந்தத் தோட்டம், சொந்த ஆலை, சொந்த பாக்கெட், நேரடி விற்பனை என்று வைத்திருக்கும் பெரிய எஸ்டேட்டுக்கு ஒரே வரவு: 4.40. வித்தியாசம் கிலோவுக்கு 10.80. இதை ஆலை தன் தலையில் போட்டுக்கொள்ளாது, கடையிலும் விலை ஏற்ற முடியாது. முழுவதையும் இலை விலையில் கழித்தால் கிலோவுக்கு 2.40 போய்விடும். லாபம் நஷ்டம் பார்க்காமல் வரவைப் பார்த்துப் பிடிக்கும் வரி இது. இலை விலை விழுந்த வருஷமும் பிடிக்கும்.

ஜிஎஸ்டியில் முந்தைய கட்டத்தில் கட்டியதைக் கழிக்கலாம், இதில் கழிவே கிடையாது. பிரேசிலில் இப்படி ஒரு வங்கி வரி கடைசியில் 0.38% வரை போய், 2007 முடிவில் நின்றது. நம் நாட்டில் 2005இல் ரொக்கம் எடுப்பதற்கு மட்டும் 0.1% போட்டு, 2009 ஏப்ரலில் எடுத்தார்கள். வங்கியில் பணம் போனாலே 2% என்றால் பறிகூலி முதல் ஹோம்ஸ்டே வாடகை வரை ரொக்கத்துக்குத் திரும்பும். அப்புறம் 2% போதாது, 3 கேட்பார்கள்.

ஜிஎஸ்டியைக் கூட்டுவது பற்றி: 2023-24இல் தனிநபர் வருமான வரி ஏறத்தாழ 10.4 லட்சம் கோடி, மொத்த ஜிஎஸ்டி வசூல் 20.18 லட்சம் கோடி. ஈடுகட்ட எல்லா விகிதமும் ஒன்றரை மடங்காக வேண்டும். 18 என்பது 27. பசுந்தேயிலைக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதால், உரத்துக்கும் மருந்துக்கும் கட்டிய ஜிஎஸ்டியை விவசாயி திரும்ப எடுக்க முடியாது. கூடும் பாரம் முழுதும் அவர் கையிலேயே நிற்கும்.

தாண்டிக்குடி_காப்பி:
ஒரே 10% பற்றி. விலக்கு எதுவும் இல்லாத 10% என்று வைத்து, 2025-26 புதிய முறையோடு ஒப்பிடுகிறேன் (செஸ் சேர்க்கவில்லை). 12 லட்சத்துக்கு இப்போது வரி 0, அப்போது 1.2 லட்சம். 20 லட்சத்தில் இரண்டும் சரிசமம், 2 லட்சம். 50 லட்சக்காரருக்கு 10.8 லட்சம் 5 லட்சமாகிவிடும். யார் இந்தக் கோரிக்கைக்குக் கை தட்டுவார்கள் என்று இதிலேயே தெரிகிறது.

ரிட்டர்ன் தொல்லை விகிதத்தால் வருவதும் இல்லை. பழனி மலையில் காப்பியைப் பழமாக விற்றால் முழுக்க விவசாய வருமானம். விளைத்தவரே பதப்படுத்திக் கொட்டையாக விற்றால் வருமானத்தில் 25% பங்கு வரிக்குள் வரும், வறுத்து அரைத்து விற்றால் 40% பங்கு. சொந்த ஆலையில் தூளாக்கும் தேயிலைக்கும் 40%. எது வருமானம், எது விவசாயம் என்ற இந்தப் பிரிப்பு ஒரே விகிதம் வந்தாலும் அப்படியே இருக்கும்.

செலவுக்கு வரி என்ற யோசனையும் புதிது இல்லை. பொருளாதார அறிஞர் கால்டார் சொல்லி 1958இல் வந்தது, 1962இல் போனது, 1964இல் திரும்பி வந்து 1966இல் மறுபடி போனது. வசூல் சொற்பம்.

கூடலூர்_ஜென்மம்:
நில மதிப்புக்கு வரி என்பதை யாரும் எடுக்கவில்லை. நிலத்தை ஒளிக்க முடியாது, ஆகவே ஏய்ப்பு குறைவு. பொருளாதாரம் படித்தவர்களுக்குப் பிடித்த வரி. சமவெளி நகரத்துக்கு ஒத்துவரலாம், இங்கே இரண்டு இடத்தில் இடிக்கும்.

ஒன்று, ரிசார்ட் விலை. சாலையோர ஏக்கர் ஒரு கோடி என்று மதிப்பிட்டு 1% போட்டால் வருஷம் ஒரு லட்சம். அந்த ஏக்கரில் 4,000 கிலோ இலை, கிலோ 20 என்றால் மொத்த வரவே 80,000. தோட்டத்தை விற்கச் சொல்வதற்கு இது மறுபெயர். விளைச்சல் மதிப்பில் போட்டால் இது தீரும், ஆனால் அப்போது அது நில மதிப்பு வரியும் இல்லை, பழைய நிலத்தீர்வைதான்.

இரண்டு, பட்டா. கூடலூர், பந்தலூரில் ஜென்மம் என்ற பழைய நிலவுடைமையை ஒழித்த 1969 சட்டத்தின் பிரிவு 17இல் வரும் நிலங்களில் யாருக்கு என்ன உரிமை என்பதே இன்னும் இழுபறி. நோட்டீஸ் யார் பெயருக்கு அனுப்புவது?

கோத்தகிரி_கொழுந்து:
சரி, 2% மனுவை நிறுத்தச் சொல்கிறேன். அதற்குப் பதில் எதைக் கேட்கலாம்?

குன்னூர்_பேரேடு:
விவசாய வருமானம் 5,000 தாண்டி, மற்ற வருமானமும் விலக்கு வரம்பைத் தாண்டினால், விகிதம் பார்க்க இரண்டையும் கூட்டுவார்கள். இலைக்கு வரி இல்லை என்று நம்பியிருப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

ஹோம்ஸ்டே நிகர வருமானம் 14 லட்சம், இலையில் 5 லட்சம் என்று வையுங்கள். 19 லட்சத்துக்கு வரி 1.8 லட்சம். விலக்கு 4 லட்சத்தோடு இலை 5 சேர்த்து 9 லட்சத்துக்கு 30,000. அதைக் கழித்தால் 1.5 லட்சம். இலையே இல்லாவிட்டால் 14 லட்சத்துக்கு 90,000தான். வரி இல்லாத இலை 60,000 கூட்டிவிட்டது. ஹோம்ஸ்டே வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 60,000 வரை தள்ளுபடி உண்டு, ஆனால் இலையைக் கூட்டியதால் வரி அதைத் தாண்டினால் மிச்சத்தைக் கட்ட வேண்டும்.

அந்த 5,000 வரம்பை உயர்த்தக் கேளுங்கள். ஒரே விதி, ஒரே எண் என்பதால் மனுவும் ஒரு பக்கத்தில் முடியும். அதுவரை ஆலை தரும் மாதாந்திர இலைப் பட்டியல், உர ரசீது, பறிகூலிக் கையெழுத்துப் புத்தகம் மூன்றையும் ஹோம்ஸ்டே கணக்கோடு கலக்காமல் தனியாக வையுங்கள். செலவைக் காட்ட முடியாவிட்டால் இலையின் மொத்த வரவையே வருமானமாகக் கூட்டிவிட இடமாகும்.