கொலி நாயை வன்னிக்குக் கொடுக்கலாமா?

செம்மண்:
கனடாவுக்குப் போன அயல் வீட்டுக்காரர் விட்டுப்போன போடர் கொலி என்ற மேய்ப்பு நாயை மூன்று மாதமாக நான்தான் பார்க்கிறேன். இரண்டு வயதுக் கடுவன். சோற்றுக்கும் மீனுக்கும் குறையில்லை, ஆனாலும் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் ஒழுங்கையால் சைக்கிளில் வந்தால் வயிற்றை நிலத்தோடு ஒட்டி, தலையைத் தாழ்த்தி, கண் வெட்டாமல் பார்ப்பான். பிறகு ஒரே பாய்ச்சல். போன கிழமை ஒரு சிறுமி பயந்து விழுந்து முழங்கால் உரஞ்சிவிட்டது. கட்டிப்போட்டால் சங்கிலி எட்டும் தூரத்துக்குச் சுற்றிச் சுற்றி ஓடுகிறான். அந்த இடத்தில் மண் வாய்க்கால் போலக் குழிந்துவிட்டது. வன்னியில் ஆடு வளர்ப்பவர் ஒருவர் கேட்கிறார். மேய்ப்பதுதானே அவன் தொழில், கொடுக்கலாமா?

குழைக்கட்டு:
வேண்டாம் தங்கச்சி. எங்கள் வீட்டில் அப்பு காலத்திலிருந்து ஆடு நிற்கிறது. இங்கே ஆடு கொட்டிலில் நின்று, நாங்கள் முறித்துக் கட்டும் குழையைத் தின்னும். ஓட்டுவதற்கு மந்தை ஏது? வன்னியில் மந்தை உண்டு, சரி. ஆனால் அங்கே மேய்ப்பவர் நாயை ஏவிப் பழகியவரா? பழக்காத நாய் சினை மறியைக் கலைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வளவு அல்சேசன் ஒன்று இரவில் அவிழ்ந்து வந்து கொட்டிலைச் சுற்றி ஓடியது. ஒன்றையும் கடிக்கவில்லை. விடியப் பார்த்தால் இரண்டு மறிக்குக் குட்டி கலைந்து கிடந்தது.

ஒற்றைப்பனை:
அண்ணை சொல்வது ஆட்டுக்கு நியாயம். நாய்க்கு? ஒரு வளவுக்குள் சங்கிலியில் வைத்திருப்பது அதைவிடக் கொடுமை. கொடுத்துவிடுங்கள் அக்கா. உண்மையில் இந்த வெயிலுக்கு இந்த இனத்தைக் கொண்டுவந்ததே பிழை. படலைக்கு வெளியே எத்தனை ஊர்நாய்கள் நிற்கின்றன! 2006இல் இலங்கை அரசு தெருநாய்களைக் கொல்வதை நிறுத்தியது, ஆனால் வீட்டுக்குள் எடுப்பவர் குறைவு. காசு கொடுத்து கொலி வாங்குகிறவர்கள் விசா வந்ததும் விட்டுப் போகிறார்கள்.

நீளக்கயிறு:
தம்பி, வாங்கியவர் செய்த பிழைக்கு நாய் என்ன செய்யும்? நான் இருபது வருடமாக நாய் பழக்குகிறேன். கொலி இங்கிலாந்துக்கும் ஸ்கொட்லாந்துக்கும் இடையிலுள்ள எல்லைப்புறத்து நாய். இன்றைய கொலிகளில் ஏறக்குறைய எல்லாமே 1893இல் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்ற கடுவனின் வழி. அழகைப் பார்க்காமல் வேலையை மட்டும் பார்த்து இனம் பெருக்கினார்கள். பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது என்று வேட்டையின் முன்பாதி அப்படியே இருக்கிறது, கடித்துக் கொல்லும் பின்பாதி அடங்கியிருக்கிறது. சைக்கிளைக் கண்டு அவன் செய்வது அதுதான். மூர்க்கம் என்று நினைக்காதீர்கள். ஆனால் அடக்கும் சொல் தெரியாத நாயை மந்தைக்குள் விடவும் கூடாது. இதில் நான் குழைக்கட்டு அண்ணையின் பக்கம்.

செம்மண்:
ஓட விட்டும் பார்த்தேன் அண்ணை. ஒரு மாதம் தினமும் தம்பி மோட்டார் சைக்கிளின் பின்னால் ஓட்டினான். வீட்டுக்கு வந்து பத்து நிமிடத்தில் திரும்பவும் படலையடியில் நிற்கிறான்.

நீளக்கயிறு:
ஓட்டம் மட்டும் கொடுத்தால் உரம்தான் ஏறும். மூளைக்கு வேலை கொடுங்கள். பத்துச் சிரட்டையைக் கிணற்றடியில் கவிழ்த்து, ஒன்றுக்குள் மட்டும் முள் எடுத்த அவித்த மீன் துண்டு வையுங்கள். முதலில் அவன் கண் முன்னே வையுங்கள், பிறகு ஒளித்து. கால்மணி நேரம் மோந்து தேடினால் களைத்துப் படுப்பான். விடிய ஆறுக்கு முன் நடை. தார் வீதியில் புறங்கையை ஐந்து வினாடி வைக்க முடியாவிட்டால் கூட்டிப் போகாதீர்கள். வெக்கை என்று மயிரை மழிக்கவும் வேண்டாம், வெயில் நேராகத் தோலில் படும். இன்னொன்று, சொறிக்கோ உண்ணிக்கோ ஊசி போடப் போனால் கொலி என்று முதலே சொல்லுங்கள். கொலி வகை நாய்கள் சிலவற்றுக்குப் பரம்பரைக் குறை ஒன்று உண்டு, ஐவர்மெக்டின் என்ற மருந்தின் அளவு கூடினால் மூளையைத் தாக்கும்.

ஒற்றைப்பனை:
இதெல்லாம் நேரம் உள்ளவருக்கு. அக்கா வேலைக்குப் போகிறவர். அன்பு காரணமாக வைத்திருந்து நாளைக்கு ஒரு பிள்ளையைக் கடித்தால்?

செம்மண்:
அது உண்மை. ஆறரை பஸ்ஸுக்கு ஓடுகிறேன், அம்மாவுக்கு 74 வயது, அவனைப் பிடித்து நிறுத்த அவரால் முடியாது. அவன் என் காலடியில் தலையை வைத்துப் படுக்கும்போது கொடுக்க மனம் வருவதில்லை. ஆனால் என் மனத்துக்காக மட்டும் வைத்திருக்கக் கூடாது.

நீளக்கயிறு:
அப்படியென்றால் கொடுங்கள், ஆனால் சும்மா கையில் கொடுக்காதீர்கள். பிள்ளை விழுந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்துக் கொடுத்த நாய் மாதத்தில் திரும்பி வரும், அல்லது வீதிக்குப் போகும். விசர்நாய்த் தடுப்பூசி அட்டையையும் கொடுங்கள். முதல் இரண்டு கிழமை பரீட்சார்த்தம், சரிவராவிட்டால் உங்களிடமே திரும்ப வரும் என்று பேசிக்கொள்ளுங்கள்.

குழைக்கட்டு:
எனக்கு இன்னும் ஆட்டுக்காரரிடம் கொடுப்பதில் விருப்பமில்லை. ஆனால் பார்க்காமல் மறுக்கவும் கூடாது. என்னிடம் இரண்டு கிழட்டுக் கிடாய் நிற்கின்றன, ஒன்றுக்கும் அசையாதவை. ஞாயிறு விடிய ஆறுக்கு அவனை நீளக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வாருங்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கட்டும். கூப்பிட்டதும் கண்ணை எடுக்கிறானா என்று பார்ப்போம். எடுத்தால் வன்னிக்காரரோடு நானே பேசுகிறேன்.

செம்மண்:
வருகிறேன் அண்ணை. சிரட்டையும் கொண்டு வருகிறேன்.