டாலஹாச்சி ஆற்றுப் பலகை: "அதே இடம்" என்று யார் சொன்னது?

பழைய வரைபடம்:
ஊர்சுற்றியின் பயணக் குறிப்பில் ஒரு வரியைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. "மிசிசிப்பியின் டாலஹாச்சி கவுன்டியில், எம்மெட் டில்லின் உடலை ஆற்றிலிருந்து எடுத்த அதே இடத்தில் நின்றேன்" என்கிறார். (டில், 1955-இல் வெள்ளையர் கடத்திக் கொன்ற கறுப்பினச் சிறுவன்; கவுன்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி.) அதே இடமாம்! கிராபால் லேண்டிங் என்ற ஆற்றங்கரைத் துறையில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது, சரி. உடல் அங்கேதான் கிடைத்தது என்று யார் சொன்னது? 2023 ஜூலை 25 அன்று பைடன் அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தபோது வெள்ளை மாளிகையே "உடல் எடுக்கப்பட்டதாக நம்பப்படும் இடம்" என்றுதான் எழுதியது. நம்பப்படும். அந்தச் சொல்லை விழுங்கிவிட்டால் அது வரலாறு இல்லை, பாட்டி கதை.

ஊர்சுற்றி:
வந்துவிட்டாரய்யா. நான் மூவாயிரம் வார்த்தை எழுதினேன். சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்த 14 வயதுப் பையனை 1955 ஆகஸ்ட் 28 அதிகாலையில் வீடு புகுந்து இழுத்துப் போனது, மூன்று நாள் கழித்து ஆற்றில் பிணமாகக் கிடைத்தது, பருத்தி ஆலை விசிறியை முள்கம்பியால் கழுத்தில் கட்டியிருந்தது, எல்லாம் எழுதினேன். அவர் கண்ணில் பட்டது "அதே" என்ற இரண்டு எழுத்து.

பழைய வரைபடம்:
மூவாயிரம் வார்த்தையில் ஒன்று தப்பு. அந்த ஒன்றைத்தான் கேட்கிறேன்.

மெம்ஃபிஸ்காரி:
நான் அந்த ஊர்ப்பக்கம் நாலு தடவை போயிருக்கிறேன். ஒரு கேள்வி. "இடம்" என்று நீங்கள் இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? பத்தடியா, ஒரு மைலா, கவுன்டியா? அது தெரியாமல் சண்டை போட்டு என்ன பயன்?

பழைய வரைபடம்:
அது அப்புறம். முதலில் அவர் "அதே" என்று ஏன் எழுதினார் என்று சொல்லட்டும்.

ஊர்சுற்றி:
பலகை அங்கே நின்றது, அதனால் எழுதினேன். அந்தப் பலகை எப்படி நிற்கிறது என்று இவருக்குத் தெரியுமா? முதல் பலகையை 2008-இல் பிடுங்கிக்கொண்டு போனார்கள், ஆற்றில் வீசினதாகப் பேச்சு. இரண்டாவதைச் சுட்டுச் சல்லடை ஆக்கினார்கள், 317 துளை. மூன்றாவதை 2018-இல் நட்டார்கள், 35 நாள்கூடத் தாங்கவில்லை. அதன் முன்னால் மூன்று கல்லூரி மாணவர்கள் துப்பாக்கியோடு சிரித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். நாலாவதை 2019 அக்டோபரில் குண்டு துளைக்காத எஃகில் வைத்தார்கள், எடை 500 பவுண்டுக்கு மேல், காவலுக்கு கேமரா வேறு. சுட்டவனெல்லாம் "உடல் இங்கே கிடைக்கவில்லை" என்று ஆராய்ச்சி செய்துவிட்டா சுட்டான்?

திண்ணைவாசி:
அப்படியென்றால் சுட்டவனுக்கும் வரைபடம் ஐயாவுக்கும் ஒரே கட்சி. 😀

பழைய வரைபடம்:
இந்த அவதூறை இங்கேயே நிறுத்துங்கள். சுட்டவன் காலிப் பயல். நான் அவனுக்காகப் பேசவில்லை, பலகைக்காகப் பேசுகிறேன். ஒரு வார்த்தை கூடுதலாக எழுதினால் நாளைக்கு எவனாவது "பார், இடமே பொய், அப்போது கொலையும் பொய்" என்று ஆரம்பிப்பான். 1955-இல் டாலஹாச்சி கவுன்டியின் ஷெரிஃப், அதாவது காவல் தலைவர், ஸ்ட்ரைடர் அதைத்தானே செய்தார்? உடல் அழுகிப்போயிருக்கிறது, அது டில்லின் உடல்தானா என்றே தெரியாது என்று கூண்டில் ஏறிச் சொன்னார். விரலில் இருந்த மோதிரத்தில் பையனின் தகப்பன் லூயிஸ் டில்லின் முதலெழுத்துகள் இருந்தும் சொன்னார். அதனால்தான் சொல்கிறேன்: நம்பப்படும்.

இன்னொன்றும் கேளுங்கள், இது ஊர்சுற்றியின் மூவாயிரம் வார்த்தையில் இல்லை. பையனைக் கடத்தியது லெஃப்ளோர் கவுன்டியில். அடித்தது சன்ஃப்ளவர் கவுன்டியில், ட்ரூ ஊர்ப்பக்கம் ஒரு கொட்டகையில். வில்லி ரீட் என்ற 18 வயதுப் பையன் அங்கே கேட்ட அலறலை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கோர்ட்டில் சொன்னான். ஆனால் வழக்கு நடந்தது டாலஹாச்சி கவுன்டியில், சம்னர் ஊர்க் கோர்ட்டில். ஏன்? உடல் அந்தக் கவுன்டி எல்லைக்குள் கிடைத்தது என்பதால். ஸ்ட்ரைடர் கையில் வழக்கு போனதே அந்த "இடம்" என்ற ஒரு காரணத்தால்தான். ஜூரிகளாக உட்கார்ந்த 12 வெள்ளைக்கார ஆண்கள், குற்றம் சாட்டப்பட்ட பிரையன்ட்டுக்கும் மைலமுக்கும் 67 நிமிடத்தில் விடுதலை என்றார்கள். நடுவில் சோடா குடிக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு நேரம்கூட ஆகியிருக்காது என்று ஒரு ஜூரர் சொன்னாராம். இப்போது தெரிகிறதா, இடம் சில்லறை விஷயம் இல்லை என்று?

மெம்ஃபிஸ்காரி:
அப்போது நீங்கள் கவுன்டியைத்தான் "இடம்" என்கிறீர்கள். அவர் கரையைச் சொல்கிறார். இதைத்தானே முதலிலேயே கேட்டேன்?

ஊர்சுற்றி:
வரைபடம் ஐயா, நீங்கள் சொன்னது எனக்குத்தான் சாதகம். கவுன்டி சரி, ஆறு சரி, கரைதான் தகராறா? ஆறு ஓடுகிறது சார். 1955-இல் இருந்த தண்ணீரா இப்போது இருக்கிறது?

பழைய வரைபடம்:
கவித்துவம் வந்துவிட்டது, தரவு இல்லை என்று அர்த்தம். கிராபால் லேண்டிங் ஒரு காலத்தில் நீராவிப் படகு நின்ற துறை. பிறகு காடு மண்டியது. ஐம்பது வருஷம் கழித்துப் பலகை நட்டவர்கள் ஊர்க்காரர் நினைவை வைத்து நட்டார்கள். அது தப்பு என்று நான் சொல்லவில்லை. நம்பப்படும் என்று சொல்கிறேன். இதோடு நாலாவது முறை.

நெல்லைக் கணக்கு:
மூன்றாவது முறை. எண்ணிக்கொண்டுதான் வருகிறேன்.

திண்ணைவாசி:
317 துளை என்கிறீர்களே, அது 317 தோட்டாவா? ஒரு தோட்டாவே உள்ளே போய் வெளியே வந்தால் இரண்டு துளை ஆகாதா?

ஊர்சுற்றி:
அந்தப் பலகையை 2021-இல் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கே வைத்தார்கள். துளை 317 என்றுதான் கணக்கு. தோட்டாவை நீங்கள் போய்ப் பொறுக்கி எண்ணுங்கள்.

பழைய வரைபடம்:
திண்ணைவாசி கேட்டது நல்ல கேள்விதான். துளை வேறு, தோட்டா வேறு. வார்த்தையைச் சரியாகப் போட வேண்டும் என்றால் என்னவோ குற்றம் செய்தது போலப் பார்க்கிறீர்கள்.

ஊர்சுற்றி:
உங்களுக்கு இது ஒரு வியாதி. போன வருஷம் கெட்டிஸ்பர்க் போர்க்களம் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான், ஒரு பீரங்கி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று பன்னிரண்டு நாள் ஓட்டினீர்கள். கடைசியில் பீரங்கி நீங்கள் சொன்ன பக்கம் பார்க்கவில்லை.

பழைய வரைபடம்:
படம் எடுத்தவன் கண்ணாடி பிம்பமாகப் போட்டிருந்தான். அதை அங்கேயே விளக்கிவிட்டேன். நீங்கள் அதற்குப் பதில் போடவில்லை.

மெம்ஃபிஸ்காரி:
நான் வேறு ஒன்று சொல்லட்டுமா? சம்னர் கோர்ட் வாசலில் 1913-இல் நட்ட கூட்டமைப்புச் சிப்பாய் சிலை, அதாவது உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையின் சிலை, இருக்கிறது. அதே வாசலில் 2007 அக்டோபர் 2-ஆம் தேதி, ஒன்பது கறுப்பர், ஒன்பது வெள்ளையர் கொண்ட நினைவுக் குழு டில் குடும்பத்தாரிடம் மன்னிப்பு கேட்டு ஒரு தீர்மானத்தை வாசித்தது. 52 வருஷம் கழித்து. வழக்கு நடந்த நாட்களில் அந்த ஊர் "பையனை வளர்க்க நல்ல ஊர்" என்று தனக்கே பலகை வைத்திருந்தது. நான் அந்தச் சிலை அடியில் உட்கார்ந்து சான்ட்விச் சாப்பிட்டேன், தொண்டைக்குள் இறங்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஆற்றங்கரையிலேயே நிற்கிறீர்கள்.

நெல்லைக் கணக்கு:
சிலையை எடுக்க வேண்டும் என்கிறீர்களா?

மெம்ஃபிஸ்காரி:
அப்படி எங்கே சொன்னேன்?

நெல்லைக் கணக்கு:
சொல்லவில்லை, ஆனால் தொனி அப்படி இருக்கிறது. சிலை இருந்தால்தான் அந்த ஊர் எப்படிப்பட்டது என்று வருகிறவனுக்குத் தெரியும்.

மெம்ஃபிஸ்காரி:
வருகிறவனுக்குத் தெரியும். அங்கேயே இருக்கிறவன் தினமும் அதைத் தாண்டித்தானே கோர்ட்டுக்குப் போகிறான்? சான்ட்விச் பற்றிப் பேசினால் சிலை அகற்றும் போராட்டமாக்கிவிடுகிறீர்கள். போங்கள்.

திண்ணைவாசி:
ஒரு சின்ன விஷயம். அது டாலஹாச்சியா, தல்லஹாட்சியா? தலைப்பில் ஒன்று, ஊர்சுற்றி குறிப்பில் இன்னொன்று.

பழைய வரைபடம்:
டாலஹாச்சி. ஊர்சுற்றி தப்பாக எழுதியிருக்கிறார். ஆச்சரியம் இல்லை.

ஊர்சுற்றி:
ஊர்ப் பெயரை நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன், காதால் கேட்டும் வந்தேன். நீங்கள் எத்தனை தடவை போயிருக்கிறீர்கள்?

பழைய வரைபடம்:
போகாமலே தெரிந்துகொள்ளத்தான் ஆவணம் என்று ஒன்று இருக்கிறது.

ஊர்சுற்றி:
ஆவணமா? கொலைகாரர்கள் பிரையன்ட்டும் மைலமும் விடுதலையான பிறகு, ஒரே குற்றத்துக்கு இரண்டாம் முறை வழக்கு இல்லை என்ற தைரியத்தில், 1956 ஜனவரியில் லுக் பத்திரிகையில் காசு வாங்கிக்கொண்டு "நாங்கள்தான் கொன்றோம்" என்றார்கள். அந்தக் கட்டுரையில் ட்ரூ கொட்டகையே கிடையாது! உங்கள் ஆவணம் ஒரு கவுன்டியையே விழுங்கியது. ஊர்க்காரர் நினைவு விழுங்கவில்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பழைய வரைபடம்:
பத்திரிகைக் கட்டுரை ஆவணம் இல்லை.

ஊர்சுற்றி:
வெள்ளை மாளிகைக் குறிப்பு மட்டும் ஆவணமா?

பழைய வரைபடம்:
அது "நம்பப்படும்" என்று நேர்மையாகச் சொல்கிறது. அதனால் ஆவணம்.

நெல்லைக் கணக்கு:
"நம்பப்படும்", இது நாலாவது முறை. (நடுவில் வந்த "துளை வேறு" பதிலைச் சேர்க்கவில்லை.)

மெம்ஃபிஸ்காரி:
மணி (Money) என்ற சிற்றூரில், பையனைக் கடத்தக் காரணமான சம்பவம் நடந்த பிரையன்ட்டின் கடை இடிந்து செடி முளைத்துக் கிடக்கிறது. பக்கத்தில் இருக்கும் பெட்ரோல் பங்க்கை அரசு மானியத்தில் புதுக்கி வைத்திருக்கிறார்கள். கடைக்கு முன்னால் 2011-இல் வைத்த பலகையையும் 2017-இல் சுரண்டிவிட்டார்கள். அந்த இடத்தில் யாருக்கும் சந்தேகமே இல்லை. அதைப் பற்றி ஒருவரும் பேசமாட்டீர்களா?

பழைய வரைபடம்:
அது லெஃப்ளோர் கவுன்டி. இந்த விவாதம் டாலஹாச்சி பற்றியது.

திண்ணைவாசி:
இவர் சொல்வதும் ஒரு நியாயம்.

ஊர்சுற்றி:
எது நியாயம்? சரி விடுங்கள். நாளைக்குப் படங்களை ஏற்றுகிறேன். பலகை, துறை, ஆறு, எல்லாம்.

பழைய வரைபடம்:
ஏற்றுங்கள். படத்துக்கு அடியில் அந்தச் சொல்லைச் சேர்க்க மறக்காதீர்கள்.

ஊர்சுற்றி:
சேர்க்க மாட்டேன்.

பழைய வரைபடம்:
அப்போது படத்துக்கு அடியில் நான் வந்து எழுதுவேன்.

நெல்லைக் கணக்கு:
அங்கேயும் எண்ணுகிறேன்.