பொருள்: நேட்ரியூரெசிஸ் – தமிழில் என்ன சொல்லலாம்?

குடியாத்தம், உயிரியல் ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். கழிவுநீக்கப் பாடத்துக்குத் துணைக்குறிப்பு தயாராகிறது. சிறுநீர் வழியே சோடியம் கூடுதலாக வெளியேறுவதை நேட்ரியூரெசிஸ் என்று ஒலிபெயர்த்தால் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். சிறுநீரகம் என்ன செய்கிறது என்பது மனதில் நிற்காது. சிறுநீர் அதிகமாகப் போவதான டையூரெசிஸ், சிறுநீர்ப்பெருக்கம் ஆயிற்று. அந்த வழியில் ‘சோடியப்பெருக்கம்’ பொருந்துமா? இல்லை, எளிமையாக ‘உப்பிறக்கம்’ போதுமா?

வேலூர், சிறுநீரக மருத்துவர்:

ஐயா, சோடியப்பெருக்கம் வேண்டவே வேண்டாம். இரத்தத்தில் சோடியம் ஏறிவிட்டது என்றுதான் நோயாளி புரிந்துகொள்வார். இரத்த சோடியத்தின் அளவு (லிட்டருக்கு 135–145 மில்லிமோல்) பெரும்பாலும் உடம்பில் தண்ணீர் கூடுவதையும் குறைவதையும் காட்டுவது. அந்தத் தண்ணீரைக் கவனிப்பது வாசோபிரசின் என்ற ஹார்மோன். உடம்பில் மொத்தம் எவ்வளவு சோடியம் தங்குகிறது என்பதை முடிவு செய்பவை அட்ரினல் சுரப்பியின் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனும் இதயத்திலிருந்து வரும் ஏ.என்.பி. ஹார்மோனும். கால் வீங்கி, மொத்த சோடியம் மிதமிஞ்சி இருப்பவருக்கே ரிப்போர்ட்டில் இரத்த சோடியம் 128 என்று குறைவாக வருவது உண்டு.

நமக்கு வேண்டிய சொல், சிறுநீர் வழியே சோடியம் வெளியேறுவதை மட்டும் குறிக்க வேண்டும். என் பரிந்துரை: சோடியக்கழிப்பு. அதைத் தூண்டுவது சோடியக்கழிப்பி. பொட்டாசியத்துக்குப் பொட்டாசியக்கழிப்பு, தண்ணீர் மட்டும் போனால் நீர்க்கழிப்பு என்று வரிசையாக வரும். டால்வாப்டான் என்ற மருந்து தருவது நீர்க்கழிப்பு. ஃபுரோசமைடு என்ற மருந்து, சிறுநீரக நுண்குழலின் ஒரு பகுதியான ஹென்லே வளைவின் தடித்த ஏறுபகுதியில் சோடியம் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுப்பதால் சோடியத்தோடு நீரும் போகிறது. இரண்டையும் சிறுநீர்ப்பெருக்கி என்று மட்டும் சொன்னால் இந்த வேறுபாடு தெரியாது.

ராணிப்பேட்டை, ஆய்வக நுட்பர்:

டாக்டர் சொல்வதை ஆதரிக்கிறேன். ‘சோடிய இழப்பு’ என்றும் சிலர் எழுதுகிறார்கள், அதுவும் சரிவராது. கத்திரி வெயிலில் தோல் மண்டியில் வேலை செய்பவருக்கு வியர்வையில் சோடியம் இழப்பு. அப்போது சிறுநீரகம் சுரக்கும் ரெனினும், அது தூண்டும் ஆல்டோஸ்டிரோனும் ஏறி, சிறுநீரகம் சோடியத்தை இறுக்கிப் பிடிக்கிறது. சிறுநீர் சோடியம் லிட்டருக்கு 20 மில்லிமோலுக்குக் கீழே போய்விடும். இழப்பு அதிகம், கழிப்பு குறைவு. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் ரிப்போர்ட்டையே தலைகீழாகப் படிப்பார்கள்.

அளவையும் குறிப்பில் சேருங்கள். சிறுநீரகத்தில் நாளொன்றுக்கு வடிகட்டப்படுவது சுமார் 180 லிட்டர், அதில் ஏறக்குறைய 25,000 மில்லிமோல் சோடியம். வெளியே போவது பெரும்பாலும் 100–200 தான். 100 மில்லிமோல் என்பது ஏறத்தாழ 6 கிராம் சாப்பாட்டு உப்பு. 24 மணி நேரச் சேகரிப்பில் காலையில் முதல் சிறுநீரைச் சேர்க்காமல் விட்டு நேரம் குறித்து, மறுநாள் அதே நேரத்துச் சிறுநீர் வரை சேர்க்க வேண்டும். ஒரு தடவை விட்டுப்போனாலும் எண் குறைந்து, நோயாளி உப்பைக் குறைத்துவிட்டார் என்று தவறாகத் தோன்றும். அதனால்தான், சேகரிப்பு முழுமையா என்று அறிய, நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் சிறுநீரில் போகும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளையும் கூடவே பார்க்கிறோம்.

குடியாத்தம், உயிரியல் ஆசிரியர்:

நன்றி டாக்டர், நன்றி சார். இரண்டு தயக்கம். கழிப்பு என்றதும் பிள்ளைகள் கழிப்பறையை நினைப்பார்கள். இன்னொன்று, உப்பு என்ற வீட்டுச் சொல்லை ஏன் கைவிட வேண்டும்?

வேலூர், சிறுநீரக மருத்துவர்:

‘சிறுநீர் கழித்தல்’ என்று தினமும் மரியாதையாகவே சொல்கிறோம் ஐயா, அதனால் முதல் தயக்கம் வேண்டாம்.

உப்பு என்பதில்தான் ஆபத்து. கடையில் விற்கும் ‘குறைந்த சோடிய உப்பு’ பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறது. இந்துப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மருந்து ஆல்டோஸ்டிரோனைத் தடுப்பதால் சோடியக்கழிப்பு கூடும், பொட்டாசியக்கழிப்பு குறையும். அவர் பொட்டாசிய உப்பையும் போட்டால் இரத்தப் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தாறுமாறாகும். ‘உப்பிறக்கம்’ என்ற சொல்லில் இந்த இரண்டு உலோகமும் ஒன்றாகக் கலந்துவிடும். வேலூர் சி.எம்.சி.யில் 1971-லேயே சிறுநீரக மாற்று அறுவை நடந்தது. இந்த ஊர்ப் பக்கம் டயாலிசிஸ், கிரியேட்டினின் எல்லாம் வீட்டுச் சொற்களாகிவிட்டன. சோடியத்தையும் தயங்காமல் சொல்லலாம்.

பாடத்துக்கு வரைவு:

“இதய மேலறைச் சுவர் விரியும்போது ஏ.என்.பி. சுரக்கிறது. சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் வடிமுடிச்சுக்குள் நுழையும் இரத்தக்குழாயை விரித்து வடிகட்டலைக் கூட்டுகிறது. சிறுநீர் வந்து சேரும் சேகரிப்பு நாளத்தில் சோடியம் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. ரெனின், ஆல்டோஸ்டிரோன் இரண்டையும் அடக்குகிறது. விளைவு சோடியக்கழிப்பு.”

1981-இல் ஆய்வாளர் டி போல்ட் குழுவினர் எலியின் மேலறைச் சாற்றை வேறு எலிகளுக்கு ஊசியாகச் செலுத்தியபோது சோடியமும் நீரும் சட்டென்று சிறுநீரில் கூடியதைப் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். இதயமும் ஒரு சுரப்பி என்று பிள்ளைகளுக்குப் பதியும். ஆல்டோஸ்டிரோன் பெயர் அப்படியே இருக்கட்டும். அது வேலை செய்யத் தொடங்க ஒரு மணி நேரமாவது ஆகும், ஏ.என்.பி. சில நிமிடங்களில் என்ற வேறுபாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ராணிப்பேட்டை, ஆய்வக நுட்பர்:

சோடியக்கழிப்புக்கு என் ஒப்புதல். சேர்த்தே எழுதுங்கள் ஐயா. ‘சோடிய கழிப்பு’ என்று பிரித்து, க் விட்டுப்போனால் தேடுபொறியில் இரண்டு சொல்லாகிவிடும்.