கொச்சி மரைன் டிரைவில் வாடகை வீடு: 11 மாத ஒப்பந்தம் முறையா?

கொழிஞ்சாம்பாறைக்காரர்: காக்கநாடு இன்ஃபோபார்க்கில் வேலை கிடைத்துள்ள என் மகள், மரைன் டிரைவில் காயலைப் பார்த்த அடுக்குமாடி வீடு ஒன்றை வாடகைக்குப் பேசியிருக்கிறாள். உரிமையாளர் 11 மாதத்துக்கு மேல் ஒப்பந்தம் எழுத மறுக்கிறார், இது முறைதானா?

மீனாட்சிபுரத்தார்: முறைதான், ஐயா. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால்தான் பலரும் 11 மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பத்திரம் மலையாளத்தில் இருந்தால், முன்பணம் திரும்பக் கிடைக்கும் விவரத்தையும், காலி செய்யும்போது பெயின்ட் செலவு யார் தலையில் விழும் என்பதையும் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடட்டும்.

வாளையாற்றார்: குடியிருப்போர் சங்கத்தின் மாதப் பராமரிப்புக் கட்டணம் வாடகையில் அடக்கமா என்றும் கேளுங்கள், அதுதான் கையைக் கடிக்கும். காக்கநாட்டுக்கு 2023 முதல் வாட்டர் மெட்ரோ என்ற படகுச் சேவை ஓடினாலும், அது மரைன் டிரைவிலிருந்து அல்ல, கொச்சியின் இன்னொரு பகுதியான வைற்றிலாவிலிருந்துதான் புறப்படுகிறது. என்னைக் கேட்டால், காயல் காட்சியை விட்டுவிட்டு வைற்றிலாப் பக்கமே வீடு பார்ப்பேன்.