இரண்டாவது குழந்தை குறுக்கே கிடந்தால்?

இரட்டையர் அம்மா, மதுரை

எனக்கு வயிற்றில் இரட்டைக் குழந்தைகள். ஆளுக்கொரு நஞ்சுக்கொடி, ஆளுக்கொரு பனிக்குடம். கடைசி ஸ்கேனில் முதல் குழந்தைக்குத் தலை கீழே; இரண்டாவது குறுக்கே. வீட்டில் சிசேரியன் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். மாமியார் ஜோசியரிடம் நேரம்கூடக் குறித்து வாங்கிவிட்டார்!

டாக்டரம்மா மட்டும், "முதல் பிள்ளை தலை இறங்கியிருக்கு, நார்மலுக்குப் பார்க்கலாம்மா" என்றார். 2013இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றைச் சொன்னார். 25 நாடுகள், சுமார் 2,800 கர்ப்பிணிகள், எல்லாருக்கும் முதல் குழந்தை தலைகீழ். குழந்தை இறப்போ கடும் பாதிப்போ, சிசேரியன் திட்டமிட்டவர்களிடம் 2.2%, நார்மலுக்குத் திட்டமிட்டவர்களிடம் 1.9%. பெரிய வித்தியாசமில்லை. ஆனால் அந்த ஆய்வில் பிரசவம் பார்த்தவர்கள் இரட்டைப் பிரசவத்தில் கை தேர்ந்தவர்கள். அதனால் நான் கேட்டது ஒன்றுதான்: "கால் பிடித்து எடுக்கத் தெரிந்தவர் அன்றைக்கு டியூட்டியில் இருப்பாரா?" தானே வருவதாகச் சொன்னார். சரி என்றேன்.

முதலாமவள் பிறந்ததும் வயிற்றில் ஸ்கேன் வைத்தார்கள். தம்பி அப்போதும் குறுக்கேதான். முதுகில் ஊசி முன்பே போட்டிருந்ததால் வலி தெரியவில்லை, அழுத்தம் மட்டும். கையை உள்ளே விட்டு இரண்டு காலையும் பிடித்துக் கீழே கொண்டுவந்தார். பக்கத்தில் ஆபரேஷன் தியேட்டர் தயாராகவே இருந்தது.

லேபர் வார்டு நர்ஸ்

முதல் குழந்தைக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். தலை மேலேயே நிற்கும்போது பனிக்குடம் உடைந்தால் தொப்புள்கொடி முன்னால் சரிந்துவிடலாம். நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரியலாம். வலி நின்றுபோனால் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். கால் பிடிப்பதென்றால், கால் கைக்குள் வரும்வரை பனிக்குடத்தை உடைக்க அவசரப்பட மாட்டார்கள். இதயத்துடிப்பு கேட்பதை ஒரு நிமிடம்கூட விடுவதில்லை.

இன்னொரு அம்மா

எனக்கு முதலாவது நார்மல், இரண்டாவது சிசேரியன். கீழேயும் தையல், மேலேயும் தையல். நார்மலுக்குத் திட்டமிட்டவர்களில் நூற்றுக்கு நாலு பேருக்கு இப்படி ஆகுமாம், அதில் நான் ஒருத்தி. துடிப்பு சட்டென்று இறங்கியபோது யாரும் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. பையன் இப்போது நன்றாக இருக்கிறான்.

என் நாத்தனாருக்கு இந்தத் தேர்வே இல்லை. ஒரே பனிக்குடத்தில் இரண்டு பேர். கொடிகள் பின்னிக்கொள்ளும் என்று 33 வாரத்திலேயே சிசேரியன் செய்துவிட்டார்கள்.