மறு: ‘இன்க்ளூஷன்’ – உள்ளடக்கமா, உடனுரிமையா?

வணக்கம் ஐயா,

> ‘ஹெட்டரோடாக்ஸ் எகனாமிக்ஸ்’ – மரபுசாராப் பொருளியல். ‘இன்க்ளூஷன்’ – உள்ளடக்கம். கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாமா?

மைய நீரோட்டப் பொருளியலுக்கு வெளியே நிற்கும் சிந்தனைகளைக் குறிக்கும் முதலாவதற்குப் ‘புறநெறிப் பொருளியல்’ என்பேன். மார்க்சியருக்கும், சமூக நிறுவனங்களைக் கொண்டு பொருளாதாரத்தை விளக்கும் நிறுவனவாதிகளுக்கும் நீண்ட மரபு உண்டு. அவர்களை மரபற்றவர் ஆக்க வேண்டாம். சைவ சித்தாந்தம் தனக்கு வெளியே நிற்பவற்றைப் புறச்சமயம் என்றதோடு நில்லாமல், இன்னும் வெளியே நிற்பவற்றுக்குப் புறப்புறச்சமயம் என்றும் ஒன்று வகுத்தது. இங்கும் அதே கதைதான். மைய நீரோட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள் நடுவிலும் பெண்கள், தென்னுலகத்தார் (ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாட்டவர்) என்று சிலர் இன்னும் வெளியே நிற்கிறார்கள். பொருளியலின் பன்மைக்காகவும் காலனிய நீக்கத்துக்காகவும் 2019இல் டி-ஈக்கான் (D-Econ) என்ற பொருளியலாளர் அமைப்பு தோன்றியது.

பிரிட்டிஷ் பொருளியலாளர் ஜோன் ராபின்சனைப் பாருங்கள். வாங்குபவர் ஒருவரே இருக்கும் சந்தைக்கு ‘மொனாப்சனி’ என்ற சொல்லை 1933இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார், கிரேக்கம் அறிந்த ஒருவர் துணையோடு. மலேசிய ரப்பர் தோட்டத்தில் வேலையும் லயத்து (தொழிலாளர் வரிசை) வீடும் ஒரே துரை கையில் இருந்த எங்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். பெண்ணான அவரைக் கேம்பிரிட்ஜ் பேராசிரியராக்கியதோ 1965இல்தான்.

இரண்டாவது சொல்தான் என்னை உறுத்துகிறது. ‘உள்ளடக்கம்’ இன்று ‘கன்டென்ட்’ ஆகிவிட்டது. போதாததற்கு அதற்குள் ‘அடக்கு’ இருக்கிறது. ‘அரவணைப்பு’ என்றால் அணைக்கிறவர் கை எப்போதும் மேலே. என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தார். விடியுமுன் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) அவர் பெயரைக் கூப்பிட்டார்கள், கிராணி (தோட்டக் கணக்கர்) கணக்கில் அவர் பெயர் இருந்தது. உள்ளடங்கித்தான் இருந்தார். ஆனால் தோட்டத்தைத் துண்டாடி விற்றபோது அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்படித் துண்டாடப்படும் தோட்டங்களைத் தொழிலாளர்களே பங்கு போட்டு வாங்குவதற்காக, 1960இல் எங்கள் சுங்கை சிப்புட்காரரான மலேசிய அரசியல் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கைப் பாட்டி பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார். அந்தப் பங்குச் சீட்டைச் சேலை மடிப்புக்குள் வைத்திருந்தார், கடைசிவரை. கூட்டத்தில் கைதூக்க அவருக்கு இருந்த அந்த உரிமையைத்தான் இந்தச் சொல்லில் கேட்கிறேன்: ‘உடனுரிமை’. ‘புறநெறிப் பொருளியலில் பன்மையும் உடனுரிமையும்’ – வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், தடுக்கவில்லை. ‘கூட்டுரிமை’ சொத்துச் சட்டத்துக்குப் போய்விட்டதால் அதைத் தொடவில்லை.

வினைதான் இடிக்கிறது. ‘உடனுரிமை தருதல்’ என்றால் தருகிறவர் ஒருவர் மறுபடியும் வந்து நிற்கிறார். ‘உடனுரிமை கொள்ளுதல்’ வருமா? நீங்கள் இலக்கணம் கற்றவர். பார்த்துச் சொல்லுங்கள் ஐயா.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து