மறு: முகம் தைக்கிற குயில்ட்டுக்குத் தமிழ்ச் சொல் – நான் 'உருச்சீலை' பக்கம்

குழும உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

ஒரு ஆளின்ர முகத்தை வைச்சுத் தைக்கிற குயில்ட்டுக்கு (துணியளை அடுக்கிச் சேர்த்துத் தைக்கிறது) தமிழில என்ன சொல்லு வைக்கலாம் எண்டு கேட்ட இந்த இழையில வந்த மடல் எல்லாத்தையும் வாசிச்சனான். சொல்லுத் தேடுறதுக்கு முதல் அந்தச் சாமான் என்ன, அதை எப்பிடிச் செய்யிறது எண்டு ஒருக்கா விளக்கமா எழுதவேணும் போல கிடக்கு, ஏனெண்டா இதுவரைக்கும் வந்த சொல்லுகளில பாதி போர்வையைப் பற்றினது, ஆனா இங்க கிளிநொச்சிப் பக்கம் நாங்கள் பட்டமளிப்புக்குப் பரிசா தைச்சுக் குடுக்கிறது ஆரும் போர்க்கிற சாமானே இல்லை, விறாந்தையில சாமிப் படத்துக்குப் பக்கத்தில தொங்கிறது.

> முகப்போர்வை எண்டு வைக்கலாமே? சின்னச் சொல், எல்லாருக்கும் விளங்கும்.

ரொறன்ரோ அக்கா, சொல்லு சின்னன் தான், ஆனா வன்னியில ஒரு தாயிட்டப் போய் "உங்கட மகளுக்கு முகப்போர்வை தைச்சுத் தாறம்" எண்டு எந்த வாயால சொல்லுறது. முகத்தை மூடுற துணி எண்டா இங்கத்தைச் சனத்துக்கு முதல்ல என்ன ஞாபகம் வரும் எண்டு உங்களுக்குத் தெரியும். பட்டம் எடுத்த பிள்ளைக்குக் குடுக்கிற பரிசில அந்த நிழல் கொஞ்சமும் விழக்கூடாது. உங்கட ஊரில பள்ளிக்கூட ரீசேட்டுகளைச் சதுரமா வெட்டிப் பொருத்தி, படிப்பு முடிக்கிற பிள்ளையளுக்குக் குடுக்கிற வழக்கத்தைப் பற்றி எழுதியிருந்தியள், அது உண்மையில குளிருக்குப் போர்க்கத்தான், அங்க போர்வை எண்ட சொல்லு பொருந்தும். இது வேற.

நடக்கிறது இது தான். பிள்ளையின்ர படம் ஒண்டை எடுத்து, போனிலயே நிறத்தைக் கழட்டிக் கறுப்பு வெள்ளையாக்கி, பிறகு வெளிச்சத்தில இருந்து இருட்டு வரைக்கும் அஞ்சோ ஆறோ படியாக் குறைக்கிறது. அதைப் பெருப்பிச்சு தாளில அடிச்சு ஒட்டி, ஒவ்வொரு துண்டின்ர ஓரத்தையும் பசை வலையின்ர பேப்பர்ப் பக்கத்தில கீறி (இரண்டு பக்கமும் பசை, ஒரு பக்கம் பேப்பர் ஒட்டி வரும், தையல்காரர் கொலருக்கு வைக்கிற கன்வஸ் மாதிரி ஆனா சரியான மெல்லிசு), துணிக்குப் பின்னால வைச்சு அயன் பண்ணி, வெட்டி, பேப்பரை உரிச்சு, ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கித் திரும்ப அயன் பண்ணி ஒட்டுறது. கீறேக்க படத்தை இடம் வலம் மாத்திப் பிரட்டிக் கீறவேணும், இல்லாட்டி உச்சி பிரிச்ச பக்கம் மாறிப்போகும், வலக் கன்னத்து மச்சம் இடக் கன்னத்துக்கு வந்திடும், தாய்க்காரி பாத்தவுடன "இது என்ர பிள்ளை இல்லையே" எண்டு நிப்பா, ஆனா என்ன பிழை எண்டு சொல்லத் தெரியாது.

துணியைத் தெரிவு செய்யிறது நிறத்தை வைச்சு இல்லை, அது எவ்வளவு வெளிச்சம் எவ்வளவு இருட்டு எண்டதை வைச்சு. முகத்துக்கு மண்ணிறம் தான் வேணும் எண்டு ஒரு சட்டமும் இல்லை. தாயின்ர கத்தரிப்பூ நிறச் சீலை தாடைக்குக் கீழ விழுற நிழலுக்கு நல்லா நிக்கும், தகப்பன்ர சாரத்தில இருக்கிற கட்டம் கழுத்துப் பக்கம் நல்லாப் பொருந்தும், எது எந்தப் படிக்குப் போகும் எண்டு தெரியாட்டி எல்லாத் துணியையும் கட்டிலில பரப்பிப்போட்டு கறுப்பு வெள்ளையில ஒரு படம் எடுத்தா உடன தெரிஞ்சிடும். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை இருக்கே, அதைக் கண்வெள்ளைக்குப் போடக்கூடாது, போட்டா பிள்ளை வெருண்டு முழிக்கிற மாதிரி வரும். கண்வெள்ளைக்கு மங்கின சாம்பல் வேணும், அந்தச் சட்டைத் துணி கருமணியில விழுற வெளிச்சப் பொட்டுக்கு மட்டும் தான், அரிசி அளவு, அதுவும் கடைசியா. அதை வைக்கிற வரைக்கும் முகம் செத்துக் கிடக்கும், வைச்ச உடன பாக்கத் தொடங்கும். பல்லுக்குப் பல்லு இடையில கோடு தைக்கவும் கூடாது, இருபத்திநாலு வயசுப் பிள்ளைக்கு நாப்பது வயசு ஏறும், சிரிப்பு முழுக்க ஒரே துண்டா விடவேணும்.

இவ்வளவு செய்தும் அது இன்னும் குயில்ட் இல்லை, இதைத் தான் நான் முக்கியமாச் சொல்ல வந்தது. இதுவரைக்கும் நடந்தது ஒட்டுவேலை. இனி அந்த முகத்தை மேல வைச்சு, நடுவில பஞ்சுத் தகடு, கீழ ஒரு துணி, மூண்டையும் சேர்த்துத் தையல் ஓட்டவேணும், அந்தத் தையல் கன்னம் வளையிற இடத்தில வளைஞ்சு, நெத்தியில படுத்து, தலைமயிர் போற போக்கில போகும். தையல் ஓடின இடம் பள்ளமாகும், ஓடாத இடம் மேடாகும், அந்த மேடு பள்ளத்தில தான் மூக்கு எழும்பி வரும். எங்கட வெக்கைக்கு நடுவில தடிச்ச பஞ்சு வைக்கிறேல்லை, பழைய பெட்சீற்றோ ஃபிளனலோ போதும், ஆனா மூண்டு அடுக்கு எண்டதில மாற்றம் இல்லை. வங்காளத்துக் கந்தாவில பஞ்சே இல்லை, பழைய சீலையையும் வேட்டியையும் அடுக்கி ஓட்டுத்தையல் போடுறது தான் முழு வேலையும், அதையும் உலகம் முழுக்க குயில்ட் எண்டு தான் சொல்லினம். அப்ப குயில்ட்டைக் குயில்ட் ஆக்கிறது பஞ்சும் இல்லை, கட்டிலும் இல்லை, அடுக்கித் தைக்கிறது. அதால பொதுவான குயில்ட்டுக்கு 'அடுக்குச்சீலை' எண்டும், அதுக்குள்ள முகம் தைச்சதுக்கு 'உருச்சீலை' எண்டும் நான் கேக்கிறன்.

> ஆங்கிலச் சொல்லே இலத்தீனில் மெத்தையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ஆகவே 'மெத்தை விரிப்பு' பிழையல்ல.

ஐயா, வேர் நீங்கள் சொல்லுறது சரி தான். ஆனா அந்தச் சொல்லைப் பாவிக்கிறவைக்கே இப்ப மெத்தை ஞாபகம் வாறேல்லை. ஹாரியட் பவர்ஸ் எண்ட அம்மா, அமெரிக்காவில ஜோர்ஜியா மாநிலத்தில அடிமையாப் பிறந்தவ, 1880களில விவிலியக் கதையளைத் துணியில ஒட்டித் தைச்சவ, அது இப்ப ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில இருக்கு. இப்ப பீசா பட்லர் எண்ட கலைஞர் ஆளுயரத்துக்கு உருவங்களைத் துணியிலயே கட்டி எழுப்பிறா, கானா நாட்டுக் கெந்தே துணியெல்லாம் அதுக்குள்ள வரும், 2020 கடைசியில சிகாகோ கலை நிறுவனத்தில அவவின்ர கண்காட்சி தொடங்கினது. இதுகளுக்குக் கீழ 'மெத்தை விரிப்பு' எண்டு ஒரு பெயர்ப்பலகை எழுதி வைச்சா பொருந்துமோ எண்டு நீங்களே பாருங்கோ. வேரைத் தமிழாக்கிறதை விடச் செய்யிற வேலையைத் தமிழாக்கிறது தான் கலைச்சொல்லுக்கு அழகு.

மதுரைத் தம்பி 'துன்னல்' எண்டு எழுதினதை வாசிச்சிட்டு எனக்குச் சந்தோசம். பழைய சொல்லு, தைக்கிறது எண்ட பொருள் அப்பிடியே இருக்கு. ஆனா பொருநராற்றுப்படையில அது வாற இடத்தைப் பாருங்கோ தம்பி, வேற்று நூல் நுழைஞ்ச துன்னல் சிதார், ஈரும் பேனும் குடியிருந்த கந்தல், கரிகாலன் அதைக் களைஞ்சுபோட்டு நல்ல உடுப்புக் குடுக்கிறான். அரசன் களைஞ்சுபோட்ட துணியின்ர பெயரைப் பட்டம் எடுத்த பிள்ளைக்குப் பரிசாக் குடுக்க எனக்கு மனம் வருகுதில்லை. 'கந்தை' எண்டு இன்னொருத்தர் எழுதினதுக்கும் இதே மறுமொழி தான், வங்காளக் கந்தாவோட உறவுள்ள சொல்லு எண்டாலும் எங்கட காதில அது "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" தான். பழந்துணியில தான் தைக்கிறம், அதில வெக்கம் இல்லை, ஆனா அந்தத் துணி இந்த வீட்டில கந்தையாக் கிடந்ததில்லை, பெட்டியில பத்திரமா மடிச்சு வைச்சிருந்தது.

'துணி ஓவியம்' எண்டா பத்திக்கும் (மெழுகு பூசிச் சாயம் போடுறது) அதுக்குள்ள வரும், துணியில பெயின்ற் பண்ணுறதும் வரும், அதால அது சரிவராது.

> குயில்ட் என்றே எழுதிவிட்டுப் போவோமே. மெசின், அயன் எல்லாம் அப்படித்தானே?

சிட்னி அண்ணை, நான் மெசினை மெசின் எண்டு தான் சொல்லுவன், அதில எனக்குப் பிடிவாதம் இல்லை. ஆனா மெசினை எல்லாரும் கண்டிருக்கினம், சொல்லோட சேர்ந்து சாமானும் வந்தது. குயில்ட் அப்பிடி இல்லை. தையல் பழக வாற பிள்ளையளிட்ட அந்தச் சொல்லைச் சொன்னா குயில் படம் போட்ட துணியோ எண்டு கேக்கினம், அதுகளில பிழை இல்லை, காதுக்கு அப்பிடித்தானே விழுகுது. அடுக்குச்சீலை எண்டு சொல்லிப் பாருங்கோ, ஒண்டும் விளக்க வேண்டியதில்லை, எத்தினை அடுக்கு எண்டு தான் அடுத்த கேள்வி வரும்.

இனிச் 'சீலை' எண்டா சாறி தானே எண்ட கேள்வி. எங்கட ஊரில சாறியும் சீலை தான், ஆனா திரைச்சீலையை ஆரும் உடுக்கிறேல்லை. தேர்ச்சீலை இருக்கு, கொடிச்சீலை இருக்கு, சிவன் கோயில் கொடிச்சீலையில நந்தி இருக்கும். உருவம் தாங்கித் தொங்கிற துணிக்குச் சீலை எண்டு சொல்லுறது எங்களுக்குப் புதுசில்லை, அந்த வரிசையில உருச்சீலையும் ஒண்டு. அதோட இதில முக்கால்வாசித் துணி உண்மையாவே அம்மான்ர சீலை, அந்தப் பொருளும் உள்ளுக்க கிடக்கிறது நல்லது தானே.

'உரு' எண்டா வற்றாப்பளை அம்மன் கோயிலில உரு வந்து ஆடுறது ஞாபகம் வரும் எண்டு முல்லைத்தீவுத் தங்கச்சி எழுதியிருந்தா. வரட்டும் தங்கச்சி. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தா சனம் இடம் பாத்துப் பிரிச்செடுக்கும், உருவப்படம் எண்டு சொல்லேக்க ஆரும் ஆடுறதை நினைக்கிறேல்லை.

நான் 'முகம்', 'படம்' எண்ட சொல்லுகளை விட்டிட்டு உருவில நிக்கிறதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. இப்ப வவுனியாப் பல்கலைக்கழகத்திலயும் (2021 ஓகஸ்டில தான் அது தனிப் பல்கலைக்கழகம் ஆனது) கிளிநொச்சி அறிவியல் நகரில இருக்கிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர பீடங்களிலயும் படிச்சு வெளியில வாற எங்கட பிள்ளையள் 2009 இல சின்னனுகள். ஒவ்வொரு இடமா இடம்பெயரேக்க ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடின ஆக்கள் எத்தினை பேர். கன வீடுகளில பிள்ளையின்ர குழந்தைப் படம் ஒண்டும் இல்லை, சில வீட்டில தகப்பன்ர படம் எண்டு மிஞ்சினது அடையாள அட்டையில இருக்கிறது மட்டும் தான், தபால் முத்திரை அளவு, அதுவும் ஓரம் மங்கி. ஸ்ரூடியோவில அதைப் பெருப்பிச்சா புகை தான் வரும், சட்டம் போட்டு மாட்டேலாது. ஆனா உருச்சீலைக்கு அது போதும், ஏனெண்டா அதுக்கு மயிர்க்கால் வரைக்கும் தெரியவேணும் எண்டில்லை, எங்க வெளிச்சம் எங்க இருட்டு எண்டு அஞ்சு படி பிரிக்க ஏலுமெண்டாச் சரி, மிச்சத்தைத் துணி பாத்துக்கொள்ளும். பட்ட உடுப்போட நிக்கிற பிள்ளைக்குப் பின்னால தகப்பனையும் வைச்சுத் தாங்கோ எண்டு கேட்டு வாற தாய்மார் இருக்கினம். அவையளிட்ட படம் இல்லை, அதால நாங்கள் குடுக்கிறதும் படம் இல்லை. இருக்கிற துணியில இருந்து ஒரு ஆளைத் திரும்பக் கட்டி எழுப்பிறம், அதுக்கு உரு எண்ட சொல்லு தான் கிட்ட வருகுது. பேசேக்க பெண்டுகள் "முகம் தைக்கிறது" எண்டு தான் சொல்லினம், அது பேச்சில அப்பிடியே இருக்கட்டும், வேலைக்கு அது, சாமானுக்கு உருச்சீலை.

அடுக்குகளுக்கு மேற்சீலை, இடைச்சீலை, அடிச்சீலை எண்டு பிரிச்சா வகுப்பில சொல்லிக்குடுக்கச் சுகம். மறுப்பு இருந்தா எழுதுங்கோ.

இன்னும் இரண்டு சொல்லு வேணும். துணியை நகர்த்திற மெசின்ர பல்லை இறக்கிப்போட்டு, துணியைக் கையால எந்தப் பக்கமும் தள்ளித் தைக்கிற தையல் ஒண்டு இருக்கு (பழைய கால்மெசின் சிலதில பல்லு இறங்காது, மேல ஒரு மட்டையை ஒட்டி மறைச்சுப்போட்டுத் தைக்கிறது). இங்க அதைத் "தையலை மேயவிடுறது" எண்டு சொல்லுறவை, எனக்கு 'மேய்தையல்' எண்டு வைக்க விருப்பம், பழைய சொல்லு ஏதும் இருந்தா மதுரைத் தம்பி தேடித் தாங்கோ. மற்றது சுத்திவர ஓரத்தை மடிச்சுப் பிடிக்கிற பட்டி. தையல்காரர் பைண்டிங் எண்டினம். கரைப்பட்டி எண்டு சொல்லலாம், ஆனா கரை எண்டது நெசவுக்காரரின்ர சொல்லு, அவையளிட்டக் கேக்காமல் எடுக்க விருப்பமில்லை. மருதமுனைப் பக்கம் கைத்தறிக்காரரோட பழக்கம் உள்ள ஆக்கள் இந்தக் குழுமத்தில இருக்கிறியள், துணி நெய்து முடிச்சு ஓரம் கட்டுறதுக்கு அவையள் என்ன சொல்லினம் எண்டு ஒருக்கா விசாரிச்சு எழுதுங்கோ.